குறட்டைச் சத்தத்தை விட நடுவுல வர்ற அமைதியைக் கவனிங்க: ஸ்லீப் ஆப்னியா இருக்கான்னு பார்க்கிறது எப்படி

பக்கத்துல படுத்திருக்கவர் குறட்டை விட்டா எரிச்சல்ல ஒரு இடி இடிச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்குறோம், திடீர்னு சத்தம் நின்னா அப்பாடான்னு இருக்கும். ஆனா சந்தேகப்பட வேண்டியதே அந்தச் சத்தம் நின்ன நேரத்தைத்தான். ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற வியாதி இருக்கவங்களுக்கு குறட்டை டக்குன்னு நின்னா, தொண்டை அடைச்சு மூச்சே போகாம இருக்கலாம்.

தூங்கும்போது உடம்புல பெரும்பாலான தசை தளரும், தொண்டைத் தசையும் சேர்த்துதான். நாக்கோட அடிப்பாகம், உள்நாக்கு, மேலண்ணத்தோட பின்பக்கம் இருக்க மெத்துன்னு இருக்க சதை எல்லாம் சரிஞ்சு மூச்சு போற வழி குறுகிடும். கொஞ்சமா குறுகினா காத்து போகும்போது அந்தச் சதை அதிருது, அதான் குறட்டை. முழுசா ஒட்டிக்கிட்டா சத்தமே இருக்காது, ஏன்னா காத்தே போகல. நெஞ்சும் வயிறும் மட்டும் இழுத்துக்கிட்டே இருக்கும், ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கும், கார்பன் டை ஆக்சைடு ஏறும், கடைசியில மூளை உஷாராகி ஒரு சில விநாடி முழிக்க வைக்கும், தொண்டைத் தசை இறுகி வழி திறக்கும், ஒரு பெரிய கேவல் மாதிரி சத்தத்தோட மூச்சு திரும்பி வரும். அவரு அடுத்த நிமிஷமே திரும்ப தூங்கிடுவாரு. காலையில கேட்டா "நான் நல்லாத்தானே தூங்கினேன்"னு சொல்வாரு, பொய்யும் இல்ல, அவருக்கு நிஜமாவே ஞாபகம் இருக்காது. இந்த வியாதியைக் கண்டுபிடிக்கிறதுல உள்ள சிக்கலே இதுதான், வந்தவருக்குத்தான் கடைசியில தெரியும்.

மூச்சு 10 விநாடியோ அதுக்கு மேலயோ நின்னா அதை ஒரு ஆப்னியான்னு கணக்கு வைப்பாங்க. முழுசா நிக்காம ஓரளவு குறைஞ்சு, அதனால ஆக்சிஜன் இறங்கினாலோ தூக்கம் கலைஞ்சாலோ அதையும் சேர்த்துக்குவாங்க. ஒரு மணி நேரத்துக்கு இது சராசரியா எத்தனை தடவை நடக்குதுங்கிறதுதான் ஏஹெச்ஐ. பெரியவங்களுக்கு 5க்குள்ள இருந்தா நார்மல், 5ல இருந்து 15 வரைக்கும் லேசு, 15ல இருந்து 30 வரைக்கும் நடுத்தரம், 30க்கு மேல போனா தீவிரம். 30ன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க, ராத்திரி பூரா ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை.

(தொண்டை அடைக்காமலே, மூளையில இருந்து மூச்சு விடச் சொல்ற சிக்னல் வராம நிக்கிற இன்னொரு வகையும் இருக்கு, இதயம் பலவீனமானவங்க, பக்கவாதம் வந்தவங்க, ஓபியாய்டு வகை வலி மருந்து சாப்பிடுறவங்க கிட்ட பார்க்கலாம். அதுல குறட்டை பெருசா இல்லாமலும் இருக்கலாம். இங்க சொல்றது பெரும்பாலும் முதல் வகையைப் பத்தி.)

ராத்திரி என்ன பார்க்கணும், எப்படிப் பார்க்கணும்

பக்கத்துல ஒருத்தர் படுக்குறாங்கன்னா அவங்களை விட நல்ல சாட்சி கிடையாது. ஆனா "மூச்சு நிக்குதா?"ன்னு பொதுவா கேட்டா தெரியலன்னுதான் சொல்வாங்க, அவங்களும் தூங்குவாங்கள்ல. இப்படி கேளுங்க: குறட்டை ஒரே சீரா போகுதா, இல்ல ஏறி ஏறிப் போய் நடுவுல அறுந்து போற மாதிரி நிக்குதா? நின்ன பிறகு மூச்சுத் திணறி வர்ற மாதிரி, தண்ணியில இருந்து தலையை வெளிய எடுத்த மாதிரி ஒரு சத்தம் வருதா? மல்லாக்கப் படுத்தா அதிகமா? விடிகாலையில அதிகமா? கடைசிக் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கு, கனவு வர்ற தூக்கம் ராத்திரியோட பின்பாதியில அதிகம், அப்ப தசை இன்னும் தளர்ந்து போகும், அதனால படுத்த உடனே ஒரு மணி நேரம் முழிச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க.

தனியா படுக்குறவங்களும் சரி, பக்கத்துல இருக்கவங்க நல்லா தூங்குறவங்களா இருந்தாலும் சரி, போன் போதும். சார்ஜ்ல போட்டு, ஏரோபிளேன் மோட்ல வச்சு, தலைமாட்டுல ஒரு கை எட்டுற தூரத்துல வாய்ஸ் ரெக்கார்டரை ஓட விட்டுட்டுத் தூங்குங்க. ஃபேன் சத்தம் அதிகமா இருந்தா போனை அந்தக் காத்து படாத பக்கமா வைங்க, இல்லன்னா ராத்திரி பூரா இரைச்சல்தான் பதிவாகி இருக்கும். ஒரு ராத்திரி போதாது, ரெண்டு மூணு ராத்திரி எடுங்க, ஏன்னா சளி பிடிச்ச அன்னைக்கோ குடிச்ச அன்னைக்கோ எல்லாருக்குமே குறட்டை கூடும். இன்னொருத்தரை எடுக்குறதா இருந்தா முன்னாடியே சொல்லிட்டு எடுங்க, தூங்குறவரைத் தெரியாம வீடியோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டு சிரிக்கிறதை எல்லாம் நான் ஏத்துக்க மாட்டேன், அப்படி ஒரு தடவை மானம் போனவரு அப்புறம் டாக்டர் கிட்ட வரவே மாட்டாரு.

காலையில எட்டு மணி நேர ரெக்கார்டிங்கை உக்காந்து கேக்க வேண்டாம். ஆப்ல சத்தத்தோட அலை வரைபடம் தெரியும்ல, அதை ஓட்டிப் பாருங்க. சாதாரண குறட்டைன்னா சின்னச் சின்ன மேடுகள் ஒரே இடைவெளியில வரிசையா போகும். ஆப்னியான்னா நாலஞ்சு மேடு வரும், ஒவ்வொண்ணும் முன்னதை விட பெருசா, அப்புறம் தட்டையா ஒரு கோடு, அப்புறம் திடீர்னு ஒரு பெரிய குத்து, திரும்ப மேடுகள், திரும்ப கோடு. அந்தத் தட்டையான இடத்துல நிறுத்தி ஹெட்போன் போட்டு கேட்டுக்கிட்டே விநாடியை எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்தைத் தாண்டினா குறிச்சுக்குங்க. இருபது முப்பதுன்னு போறதும் உண்டு, ஒரு நிமிஷம் வரைக்கும் போறவங்களும் இருக்காங்க, கேக்குறப்போ நம்ம மூச்சையே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்போம். அந்த நேரத்தை எழுதி வச்சுக்குங்க, "3:42, இருபத்தஞ்சு விநாடி" அப்படின்னு, டாக்டர் கிட்ட போறப்ப இது நீங்க சொல்ற பத்து வார்த்தையை விட உதவும்.

வீடியோ எடுக்க முடிஞ்சா இன்னும் நல்லது, நெஞ்சும் வயிறும் தெரியற மாதிரி. சத்தம் நின்ன நேரத்துல நெஞ்சு உள்ள போக வயிறு வெளிய வர, இப்படி மாத்தி மாத்தி அசைஞ்சுக்கிட்டு இருந்தா மூச்சு இழுக்கப் பார்க்குறாரு, வழிதான் அடைச்சிருக்குன்னு புரிஞ்சுக்கலாம். ரெண்டுமே அசையாம கெடந்தா அது மூளை சிக்னல் வகையா இருக்கலாம். நீங்களே முடிவு பண்ண வேண்டாம், எடுத்து வச்சுக்குங்க.

நேர்ல பார்க்கும்போது மூச்சு நின்னுடுச்சுன்னா பதறிப் போய் உலுக்க வேண்டாம், பெரும்பாலும் தானாவே திரும்ப வந்துடும், பக்கவாட்டுல திருப்பி விட்டாலே நிறைய பேருக்கு வழி திறக்கும். கூப்பிட்டும் எழாம, மூச்சும் வராம, உதடு நீலமாச்சுன்னா அது ஆப்னியா விஷயமே இல்ல, உடனே ஆம்புலன்ஸ்.

பக்கத்துல சாட்சி இல்லாதவங்களுக்கு வேற சில தடயம் இருக்கு. நம்ம குறட்டைச் சத்தத்துல நாமளே திடுக்குனு முழிக்கிறது, மூச்சு முட்டி நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு எழுந்திருக்கிறது (இதை பயம், பதட்டம்னு நினைச்சுக்கிட்டு வருஷக்கணக்கா அதுக்கு மருந்து தேடுறவங்க உண்டு), கழுத்து தலையணை எல்லாம் வேர்வையில நனைஞ்சிருக்கிறது, போர்வை ஒரு பக்கம் தலையணை ஒரு பக்கம்னு கெடக்குறது.

அப்புறம் யூரின். ராத்திரி ரெண்டு மூணு தடவை பாத்ரூம் போக எழுந்தா சுகர் இருக்கும், ப்ராஸ்டேட் வீங்கி இருக்கும், வயசாகுதுல்லன்னு சொல்லிடுவோம். அதெல்லாம் இருக்கலாம்தான். ஆனா அடைச்ச தொண்டைக்கு எதிரா மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள்ள அழுத்தம் குறைஞ்சு இதயத்துக்கு ரத்தம் அதிகமா வந்து சேருது, உடம்புல தண்ணி கூடிப் போச்சுன்னு இதயம் தப்பா எடுத்துக்கிட்டு அதை வெளியேத்தச் சொல்ற ஹார்மோனை விடுது, சிறுநீரகமும் அப்படியே யூரினா வெளியேத்துது. சுகர் டெஸ்ட், ப்ராஸ்டேட் டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்தும் ராத்திரி நடை நிக்கலன்னா தூக்கத்துப் பக்கம் பாருங்க.

காலையில

வாய் காஞ்சு தொண்டை வறண்டு எழுந்திருக்கிறது, வாயைத் திறந்துக்கிட்டு தூங்கியிருக்கோம்னு அர்த்தம். தலைவலி, ரெண்டு பக்கமும் அழுத்துற மாதிரி, குமட்டலோ வெளிச்சம் கூசுறதோ பெருசா இல்லாம, எழுந்து நடமாட ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே குறைஞ்சுடும். எட்டு மணி நேரம் தூங்கியும் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கிறது. இதுல ஒண்ணு மட்டும் எப்பவாச்சும் இருந்தா பெருசா எடுத்துக்காதீங்க, வாரத்துல பாதி நாளு இப்படின்னா எடுத்துக்குங்க.

பகல்ல: அசதி வேற, தூக்கம் வேற

இதை நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. அசதின்னா உடம்பு ஓய்ஞ்சு போச்சு, ஆனா படுத்தா தூக்கம் வராது. ஆப்னியாவுல வர்றது பெரும்பாலும் சும்மா உக்காந்தா கண்ணு சொருகுற தூக்கம். இதை அளக்க 1991ல மெல்பர்ன்ல முர்ரே ஜான்ஸ்னு ஒரு டாக்டர் எப்வர்த் ஸ்கேல்னு ஒண்ணு போட்டார், இன்னைக்கு வரைக்கும் அதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க. எட்டு சூழ்நிலை: படிச்சுக்கிட்டு இருக்கும்போது, டிவி பார்க்கும்போது, மீட்டிங் தியேட்டர் மாதிரி இடத்துல சும்மா உக்காந்திருக்கும்போது, வண்டியில பயணியா ஒரு மணி நேரம் தொடர்ந்து போகும்போது, மத்தியானம் படுத்து ஓய்வெடுக்கும்போது, ஒருத்தர் கிட்ட உக்காந்து பேசிக்கிட்டு இருக்கும்போது, மதுவெல்லாம் இல்லாத மத்தியான சாப்பாட்டுக்கு அப்புறம் அமைதியா உக்காந்திருக்கும்போது, டிராஃபிக்ல வண்டி சில நிமிஷம் நிக்கும்போது. ஒவ்வொண்ணுக்கும் தூங்கிப் போற வாய்ப்பு எவ்வளவுன்னு 0ல இருந்து 3 வரைக்கும் மார்க் போடுங்க. கூட்டினா 10க்கு மேல போச்சுன்னா பகல் தூக்கம் அளவுக்கு மீறி இருக்கு.

மத்தியானம் படுத்தா தூக்கம் வர்றது யாருக்கும் சகஜம். ஆனா பேசிக்கிட்டு இருக்கும்போதே, சிக்னல்ல நிக்கும்போதே கண்ணு மூடுதுன்னா மொத்த மார்க் என்னவா இருந்தாலும் எனக்கு அது போதும், தாமதிக்க மாட்டேன். இன்னொரு விஷயம், மார்க் கம்மியா வந்துட்டா தப்பிச்சோம்னு இல்ல. தீவிர ஆப்னியா இருந்தும் பகல்ல தூக்கமே வரலன்னு சொல்றவங்க நிறைய, பல வருஷம் அப்படியே இருந்து இருந்து அதுதான் நார்மல்னு ஆகிப் போயிருக்கும். அதனால அதே எட்டுக் கேள்வியை வீட்டுல இருக்கவங்களையும் உங்களைப் பத்தி போடச் சொல்லுங்க, ரெண்டு பேர் மார்க்கும் எவ்வளவு தூரம் விலகி நிக்குதுன்னு பார்த்தாலே கதை புரிஞ்சிடும்.

தூக்கம் தவிர மறதி, ஒரு வேலையில மனசு நிக்காதது, எதுக்கெடுத்தாலும் சுள்ளுன்னு கோவம், தாம்பத்தியத்துல ஆர்வம் குறையுறது, காரணம் தெரியாத சோர்வு, இதெல்லாமும் வரும். இதை வச்சு மட்டும் ஆப்னியான்னு சொல்ல முடியாது, தைராய்டு, ரத்தசோகை, மன அழுத்தம் எல்லாம் இதே மாதிரிதான் காட்டும். சும்மா தூக்கம் பத்தாமலும் இருக்கலாம், தினம் அஞ்சு மணி நேரம் தூங்கிட்டு பகல்ல தூக்கம் வருதுன்னா முதல்ல தூங்குங்க.

யாருக்கு அதிக வாய்ப்பு

2008ல டொராண்டோவுல மயக்க மருந்து டாக்டர்கள் ஆபரேஷனுக்கு முன்னாடி நோயாளிகளைச் சலிச்சு எடுக்க ஒரு பட்டியல் போட்டாங்க, பேரு ஸ்டாப்-பேங். எட்டே கேள்வி, ஆமா இல்லன்னு பதில். மூடின கதவுக்கு வெளிய கேக்குற அளவுக்கு குறட்டையா, பகல்ல களைப்போ தூக்கமோ இருக்கா, மூச்சு நிக்கிறதை யாராவது பார்த்திருக்காங்களா, பிரஷர் இருக்கா, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கிற கணக்கு) 35க்கு மேலயா, வயசு 50க்கு மேலயா, கழுத்து பருமனா, ஆணா. கழுத்துக்கு இன்ச் டேப் வச்சு குரல்வளை மட்டத்துல அளங்க, ஆண்களுக்கு 43 சென்டிமீட்டர், பெண்களுக்கு 41 சென்டிமீட்டர்ல இருந்து ஆமான்னு போட்டுக்கலாம். ரெண்டு வரைக்கும் ஆமான்னா வாய்ப்பு கம்மி, மூணு நாலு நடுத்தரம், அஞ்சும் அதுக்கு மேலயும் அதிகம்.

இந்தப் பட்டியல்ல ஒரு குறை, குண்டா இருக்க நடுவயசு ஆம்பளைங்களை நல்லா பிடிச்சுடும், மத்தவங்களை விட்டுடும். ஒல்லியா இருக்கவங்களுக்கும் வரும், தாடை சின்னதா பின்னால தள்ளி இருந்தா நாக்குக்கு இடம் பத்தாது. பெண்கள் விஷயம் இன்னும் மோசம். அவங்களுக்கு இடி மாதிரி குறட்டை இல்லாம இருக்கலாம், தூக்கம் வரல, நடுராத்திரி முழிப்பு வந்துடுது, எப்பவும் அசதி, தலைவலி, மனசு சரியில்லன்னு சொல்லிக்கிட்டு போவாங்க, கையில தூக்க மாத்திரையோ மன அழுத்த மாத்திரையோ கொடுத்து அனுப்பிடுவாங்க. மாதவிடாய் நின்ன பிறகு பெண்களுக்கு வாய்ப்பு நல்லாவே கூடுது, பிசிஓஎஸ்ங்கிற சினைப்பை நீர்க்கட்டி பிரச்சனை இருக்கவங்களுக்கு அதுக்கு முன்னாடியே. குறட்டைன்னாலே ஆம்பளை சமாச்சாரம்னு நினைக்கிறதாலயும், பொம்பளைங்க வெளிய சொல்ல கூச்சப்படுறதாலயும் இது வருஷக்கணக்கா மறைஞ்சு கெடக்கு.

பிரஷருக்கு மூணு மாத்திரை போட்டும் இறங்காதவங்க, இதயத் துடிப்பு தாறுமாறா போற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கவங்க, பக்கவாதம் வந்தவங்க, இவங்களுக்கு குறட்டை இருக்கோ இல்லையோ டாக்டர் கிட்ட ஸ்லீப் ஆப்னியா டெஸ்ட் பத்தி ஒரு வார்த்தை கேட்டுடணும்.

குழந்தைங்க கதை தனி. பெரியவங்க தூங்கி வழிவாங்க, குழந்தைங்க பெரும்பாலும் நேர்மாறா துறுதுறுன்னு ஒரு இடத்துல நிக்காம, கவனம் இல்லாம, அடம் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க, ஸ்கூல்ல கம்ப்ளெயின்ட் வரும். வாரத்துல மூணு ராத்திரிக்கு மேல குறட்டை, வாயைத் திறந்துக்கிட்டே தூங்குறது, கழுத்தைப் பின்னால வளைச்சு விசித்திரமா படுக்குறது, வேர்த்துக் கொட்டுறது, நிறுத்தின குழந்தை திரும்ப படுக்கையில யூரின் போறது, இதெல்லாம் பாருங்க. குழந்தைங்களுக்கு மணிக்கு ஒண்ணு வந்தாலே அதிகம். பெரும்பாலும் டான்சிலும், மூக்குக்குப் பின்னால இருக்க அடினாய்டு சதையும் வீங்கி இருக்கிறதுதான் காரணம், அதனால ஈஎன்டி டாக்டர் கிட்ட காட்டணும். குழந்தை குறட்டை விட்டா "அசந்து தூங்குது பாரு"ன்னு ரசிக்கிறதை மட்டும் விட்டுடுங்க.

ஒண்ணை மட்டும் இதோட குழப்பிக்க வேண்டாம். மட்டமா படுத்தா முழிச்சு இருக்கும்போதே மூச்சு முட்டுது, எழுந்து உக்காந்தா சரியாகுது, தலையணை ஒண்ணு ரெண்டாகி மூணாகுது, கால் வீங்குதுன்னா அது இதயத்தோட பிரச்சனையா இருக்கலாம், ஸ்லீப் ஸ்டடிக்கு தேதி வாங்கிக்கிட்டு காத்திருக்கிற விஷயம் இல்ல, உடனே காட்டணும்.

டாக்டர் கிட்ட போகும்போது

ரெக்கார்டிங், நேரம் குறிச்ச பேப்பர், எப்வர்த் மார்க், சாப்பிடுற எல்லா மாத்திரை பேரும், பிரஷர் எழுதி வச்சிருந்தா அதுவும், முடிஞ்சா பக்கத்துல படுக்குறவரையும் கூட்டிட்டுப் போங்க. பொது டாக்டர்ல ஆரம்பிக்கலாம், நுரையீரல் டாக்டர், ஈஎன்டி டாக்டர், தூக்கத்துக்குன்னே இருக்க டாக்டர்னு யாரும் பார்ப்பாங்க. "குறட்டை வருது டாக்டர்"னு மட்டும் சொன்னா சிரிச்சுட்டு வெயிட்டைக் குறைங்கன்னு அனுப்பிடலாம், "மூச்சு நிக்குது, பதிவு பண்ணியிருக்கேன்"னு சொல்லுங்க.

பகல்ல விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டி 98 காட்டுதேன்னு சந்தோஷப்படுறதுல அர்த்தம் இல்ல, முழிச்சிருக்கப்போ தொண்டை அடைக்காது. ஸ்மார்ட்வாட்ச்சுல ஆப்னியா எச்சரிக்கை 2024ல இருந்து ஆப்பிள், சாம்சங் ரெண்டுலயும் வந்திருக்கு, எச்சரிக்கை வந்தா டாக்டரைப் பாருங்க, வரலன்னா இல்லன்னு எடுத்துக்காதீங்க. உறுதி பண்றது ஸ்லீப் ஸ்டடிதான். வீட்டுலயே பண்ற டெஸ்ட்டுன்னா மூக்குல ஒரு சின்ன டியூப், நெஞ்சுல பெல்ட், விரல்ல சென்சார். லேப்ல போய் தூங்குறதுல மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை எல்லாம் சேர்த்துப் பார்ப்பாங்க. வீட்டு டெஸ்ட் எண்ணிக்கையைக் குறைச்சுக் காட்டுறது உண்டு, அறிகுறி எல்லாம் பலமா இருந்து ரிப்போர்ட் மட்டும் நார்மல்னா லேப் டெஸ்ட் வேணுமான்னு கேளுங்க.

இருக்குன்னு வந்துட்டா பயப்பட ஒண்ணும் இல்ல. 1981ல சிட்னியில காலின் சல்லிவன் குழு வெளியிட்ட சிபாப், அதாவது மாஸ்க் வழியா காத்தை மெல்லிய அழுத்தத்துல அனுப்பி தொண்டையைத் திறந்தே வைக்கிற மெஷின், இன்னைக்கும் முதல் வைத்தியம். லேசா இருந்தா கீழ்த்தாடையை முன்னால தள்ளி வைக்கிற பல் கருவி, பக்கவாட்டுல படுக்கப் பழகுறது, வெயிட் குறைக்கிறதுன்னு வேற வழியும் இருக்கு.

டெஸ்ட் நடக்கிற வரைக்கும் தூக்க மாத்திரையோ மதுவோ வேண்டாம், ரெண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரைன்னா நீங்களா நிறுத்தாம குறட்டை விஷயத்தைச் சொல்லிக் கேளுங்க. ஆன்லைன்ல வர்ற மாதிரி வாய்க்கு டேப் ஒட்டிக்கிட்டுத் தூங்குறதை சந்தேகம் இருக்கவங்க தொடவே வேண்டாம். இதுக்கு நடுவுல பல்லுக்கோ வேற எதுக்கோ மயக்க மருந்து கொடுக்கப் போறாங்கன்னா இப்படி ஒரு சந்தேகம் இருக்குன்னு மயக்க டாக்டர் கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, மயக்கத்துலயும் அதே தொண்டைதான் அடைக்கும். வண்டி ஓட்டும்போது கண்ணு சொருகுதுன்னா ஜன்னலைத் திறக்குறது, பாட்டை சத்தமா வைக்கிறதெல்லாம் வேலைக்கு ஆகாது, ஓரமா நிறுத்திட்டு சாவியை வேற ஒருத்தர் கையில குடுங்க, வைத்தியம் ஆரம்பிச்சு பகல் தூக்கம் அடங்குற வரைக்கும் தூரப் பயணத்துக்கு நீங்க பயணியாவே போங்க.